குண்டு வெடித்த மறுநாள் எல்லோரும் வருவார்கள்... மூன்றாவது மாதம் யார் வருவார்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் என இலங்கையில் அடுத்தடுத்து தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. நான்கு நாள் கழித்து அந்த நாட்டு சுகாதார அமைச்சு ஒரு திருத்தம் சொன்னது. 359 என்று சொல்லப்பட்டு வந்த பலி எண்ணிக்கை 253 ஆகக் குறைந்தது. உடல்கள் சிதைந்து கிடந்ததால் எண்ணுவதில் குழப்பம் என்றார்கள். பிறகு அந்த எண்ணிக்கை 260-ஐத் தாண்டியது. செய்தி படிக்கிற நமக்கு அது ஒரு நம்பர். சவக்கிடங்கு வாசலில் காத்திருந்தவர்களுக்கு அது வேறு கேள்வி. 'எம்புள்ள இந்தக் கணக்குல இருக்கானா, இல்லையா?'

யார் குண்டு வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் அந்த வாசலில் நிற்பவர்களைப் பற்றிப் பேசுவோம். அப்படி நிற்கும் ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால்? காலேஜ் ஃப்ரெண்டின் வீடு, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், எதிர் வீட்டு அக்கா... நீங்கள் என்ன செய்ய முடியும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்? 'நமக்கெல்லாம் எங்க நடக்கப்போகுது' என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவை தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். அந்த வீடுகள் எல்லாம் இன்றும் நம் ஊரில்தான் இருக்கின்றன.

முதல் நாள்: போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஈஸ்டர் தாக்குதல் நடந்த அன்றே இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கியது. மாதக் கடைசி வரை தடை நீடித்தது. வதந்தியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஆனால், வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர்கள் 'பத்திரமா இருக்கியா?' என்று கேட்கும் வழியும் அதோடு சேர்ந்து அடைபட்டது. இந்தத் தடை சரியா தப்பா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். ஆளாளுக்கு கொஞ்சம் பொறுப்பாக இருந்தால், அப்படி ஒரு தடைக்கான சாக்கே இருக்காது.

பொறுப்பு என்றதும் 'நான் வதந்தி பரப்புற ஆள் இல்லையே' என்று தோன்றும். வதந்தி எப்போதும் வதந்தி மாதிரி வருவதில்லை. அந்த வாரம் இலங்கை போலீஸே வெளியிட்ட தேடப்படுவோர் பட்டியலில், அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் போட்டோ தவறாக இடம்பெற்றுவிட்டது. போலீஸ் பிறகு திருத்திக்கொண்டது. ஆனால், அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஷேர் செய்தவர்களில் பலர் 'போலீஸ் போட்டதுதானே' என்று நம்பித்தான் செய்திருப்பார்கள்.

வீடியோ விஷயம் இதைவிட மோசம். அதே ஆண்டு மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதை நேரலையில் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. அவ்வளவு பேர் அதை மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். அந்த வீடியோவில் விழுபவர் யாரோ ஒருவரின் அப்பா. அந்த 'யாரோ ஒருவர்' கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. 'கண்டிக்கிறேன்' என்று கேப்ஷன் போட்டு ஷேர் செய்தாலும், அவர் பார்க்கப்போவது கேப்ஷனை அல்ல.

பார்த்துக்கொண்டே இருப்பது உங்களுக்கும் நல்லதில்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது சம்பந்தமான செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. உதவப் போகிற ஆள் முதலில் நிதானமாக இருக்க வேண்டும், இல்லையா?

சரி, போனை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்? குடும்பத்துக்கு நீங்கள் போன் போடாதீர்கள். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்தோ போலீஸிலிருந்தோ வரும் ஒரு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். லைன் பிஸியாகக் கூடாது. நெருங்கிய ஒருவர், ஒரு சித்தப்பாவோ கஸினோ, 'என்கிட்ட கேளுங்க, வீட்டுக்கு யாரும் பேசாதீங்க' என்று எல்லோருக்கும் ஒரே மெசேஜ் போட்டுவிட்டால் பாதி பாரம் குறையும். அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். பவர் பேங்க், சார்ஜர், ஒரு நோட்டு, பேனா... ஆஸ்பத்திரி வராந்தாவில் இவற்றுக்குப் பெரிய மதிப்பு உண்டு. காணாமல் போனவரின் தெளிவான போட்டோ, அன்று போட்டிருந்த உடை, மச்சம், பல் சிகிச்சை, ஆபரேஷன் தழும்பு போன்ற அடையாளங்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொடுங்கள். நான்கு ஆஸ்பத்திரியில் நான்கு முறை அம்மாவைச் சொல்லவைக்க வேண்டாம். குடும்பம் உறுதிசெய்யும் முன் பெயரையோ, 'ஆழ்ந்த இரங்கல்' போஸ்டையோ போட்டுவிடாதீர்கள். தங்கை அதை இன்ஸ்டாவில் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பது எந்த வீட்டிலும் நடக்கக் கூடாத கொடுமை.

மீடியா மைக்கோடு வந்தால், 'இப்ப பேச முடியாது' என்று வாசலில் நின்று சொல்ல ஒரு ஆள் தேவை. 2017 மே 22 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டர் அரங்கில் நடந்த தாக்குதலில் 22 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி வெளிவந்த கெர்ஸ்லேக் அறிக்கை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வந்த ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்கிறது. தகவல் கொடுத்தால் 2,000 பவுண்டு என்று எழுதிய ஒரு சீட்டு அதற்குள் இருந்ததாம்!

ரத்ததானம் செய்ய உடனே ஓடத் தோன்றும். நல்ல மனசுதான். முதலில் ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, தேவை இருக்கிறதா, எந்த வகை என்று கேளுங்கள். சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரங்கள் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாள்தான். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால், ஆண்கள் அடுத்து மூன்று மாதத்துக்கும் பெண்கள் நான்கு மாதத்துக்கும் கொடுக்க முடியாது. காயம்பட்டவருக்கு ஆறாவது வாரம் இன்னோர் ஆபரேஷன் இருக்கும். 'அப்ப கூப்பிடுங்க, வர்றோம்' என்று பெயர் கொடுத்துவிட்டு வருவதும் ரத்ததானம்தான்.

வீட்டுக்குப் போகும்போது...

என்ன பேசுவது என்று தெரியாமலே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். போங்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'என்ன சொல்றதுன்னே தெரியலக்கா, சும்மா உங்ககூட இருக்கலாம்னு வந்தேன்.' இவ்வளவு போதும்.

சொல்லக் கூடாத பட்டியல்தான் பெரியது. 'எல்லாம் விதி.' 'கடவுள் நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்.' 'நீயாவது பொழச்சியே!' கடைசி வாக்கியத்தைப் பிழைத்தவரிடம் சொல்லாதீர்கள், ப்ளீஸ். 'நான் ஏன் பொழச்சேன்?' என்ற கேள்வியோடுதான் அவர் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார். குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம், 'சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கலாம்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களை மெதுவாகக் கையைப் பிடித்து காபி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவதும் ஓர் உதவி.

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க.' நாம் எல்லோரும் சொல்வது இது. கேட்கும் நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள். வேலையைச் சொல்லிக் கேளுங்கள். 'அண்ணா, நாளைக்கு மாவு அரைச்சு எடுத்துட்டு வர்றேன்.' 'பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன்.' 'அம்மாவோட பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சான்னு பார்க்கவா?' இப்படிக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினால் போதும் அவர்களுக்கு.

'என்னதான் நடந்துச்சு?' என்று கேட்டு முழுக் கதையையும் சொல்லவைக்காதீர்கள். 'மனசுவிட்டுப் பேசினா பாரம் குறையும்' என்பதை நாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அவர்களாகப் பேசினால் கேட்க வேண்டும். தோண்டக் கூடாது. சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்கவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அது சொல்லும் 'உளவியல் முதலுதவி' ரொம்ப எளிமை. பார்: ஆள் பாதுகாப்பாக இருக்கிறாரா, அவசரமாக என்ன வேண்டும்? கேள்: அவர் சொல்வதை, அவசரப்படுத்தாமல். இணை: குடும்பம், டாக்டர், அரசு உதவி என எது தேவையோ அதனுடன். டிகிரி தேவையில்லாத வேலை இது.

காயத்தோடு பிழைத்தவர்களைப் பற்றி ஒரு விஷயம். வெடிப்புக்கு அருகில் இருந்தவர்களுக்கு செவிப்பறை கிழிந்திருப்பது சகஜம். காது மந்தமாகலாம், விடாமல் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கலாம். பேசினால் பதில் வரவில்லை என்றதும் 'பித்துப்பிடிச்ச மாதிரி இருக்கான்' என்று முடிவுகட்டாதீர்கள். முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசிப்பாருங்கள். காது டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேளுங்கள். உடம்புக்குள் உலோகத் துணுக்குகள் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னாளில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கப் போனால் இதை முதலில் சொல்ல வேண்டும். இதை டிஸ்சார்ஜ் சம்மரி மேலேயே பெரிய எழுத்தில் குறித்துக்கொடுங்கள்.

குழந்தைகளிடம் பொய் வேண்டாம்

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். ஞாயிறு பள்ளி முடித்துவிட்டு ஆராதனைக்காக வெளியே காத்திருந்தவர்கள். அந்தச் சின்ன ஊரில் பெஞ்ச் காலியாகாத வகுப்பறைகள் குறைவாகத்தான் இருந்திருக்கும். அடுத்த டேர்மில், அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையைப் பற்றி நாம் யோசிக்கவே மாட்டோம்.

'அப்பா தூங்கிட்டு இருக்காங்க', 'அம்மா வெளியூர் போயிருக்காங்க' என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் குழந்தையும், யாராவது ஊருக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு அழும் குழந்தையும் இப்படித்தான் உருவாகிறார்கள். 'அப்பா செத்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே வேலை செய்யாது. அவங்க திரும்பி வர மாட்டாங்க. உன்னை நாங்க பார்த்துப்போம்.' கேட்கவே வலிக்கிறதுதான். ஆனால், சின்னச் சின்ன உண்மையான வாக்கியங்களைத்தான் குழந்தையால் பிடித்துக்கொள்ள முடியும். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போனால், 'இதுக்கு ஒண்ணும் புரியலை' என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் துக்கத்தைத் தவணை முறையில்தான் அனுபவிப்பார்கள். அதே கேள்வியை இருபது முறை கேட்பார்கள். இருபது முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். டி.வி-யை அணைத்துவையுங்கள். அதே வெடிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அது ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாகச் சின்னக் குழந்தைகள் நினைக்கலாம்.

பேப்பர் வேலை: உங்களைப் போன்ற ஒருவர்தான் தேவை

என்னைக் கேட்டால், இளைஞர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். அழுகைக்குத் தோள் கொடுக்க சொந்தக்காரர்கள் இருப்பார்கள். தாலுகா ஆபீஸுக்கு ஐந்தாவது முறை போகத்தான் ஆள் இருக்காது.

ஒரு ஃபைல் வாங்குங்கள். இறப்புச் சான்றிதழ் (பத்து நகலாவது வாங்குங்கள், ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள்), போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், எஃப்.ஐ.ஆர் நகல், காயமடைந்தவர் என்றால் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்களும், தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ். எஃப்.ஐ.ஆர் நகலை பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து குடும்பத்தில் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். யாரை, எந்தத் தேதியில் பார்த்தோம், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

இந்தியாவில் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு என்றே மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. உயிரிழப்புக்கும், 50 சதவிகிதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனத்துக்கும் 3 லட்சம் ரூபாய் என்று தொடங்கி, 2016-ல் 5 லட்சமாக உயர்ந்தது. கலெக்டர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதுபோக, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அப்புறம், இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 20 ரூபாய், 436 ரூபாய் என்று கழிக்கப்பட்டிருக்கிறதா? முதலாவது பிரதமரின் விபத்துக் காப்பீடு, இரண்டாவது ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்கானது. எப்போதோ ஃபார்மில் கையெழுத்துப் போட்டது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. உடனே வங்கிக்குப் போய் க்ளைம் பற்றிக் கேளுங்கள். டெபிட் கார்டோடு சேர்ந்து வரும் விபத்துக் காப்பீடு, ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ், பி.எஃப் எல்லாவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

இலங்கையில் உயிரிழப்புக்குத் தலா 10 லட்சம் இலங்கை ரூபாய் என அரசு அறிவித்தது. ஆனால், குடும்பங்கள் கேட்டது பணத்தை மட்டும் இல்லை. இந்தியாவிடமிருந்து முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் கட்ட வேண்டும், முன்னாள் போலீஸ் மா அதிபரும் உளவுத்துறைத் தலைவரும் தலா 7.5 கோடி கட்ட வேண்டும் என்றது கோர்ட். பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. ஒரு நாட்டின் தலைவராக இருந்தவரையே சொந்தப் பையிலிருந்து பணம் கட்டவைத்தது, பேப்பர்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தவர்களின் பிடிவாதம்.

பிரான்ஸில் இதற்கு வேறு ஏற்பாடு. 1986 முதல் அங்கே ஒரு தனி நிதியம் இருக்கிறது. வீடு, வாகனம் என்று சொத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் சில யூரோக்கள் பிடித்து அதில் சேர்க்கிறார்கள். நாளைக்கு யாருக்கு நடந்தாலும் அதிலிருந்து இழப்பீடு போகும். நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது.

நீங்களே நிதி திரட்டுவதாக இருந்தால், குடும்பத்தின் சம்மதம் முதலில். உங்கள் சொந்த ஜி-பே நம்பரை போடாதீர்கள். குடும்பத்தினரின் வங்கிக் கணக்கை நேரடியாகக் கொடுங்கள். எவ்வளவு வந்தது என்பதை அவர்களுக்கு எழுத்தில் காட்டுங்கள். அவர்களுடைய அழுகிற போட்டோவை வைத்துத்தான் பணம் வரும் என்றால், அந்தப் பணம் கொஞ்சம் குறைவாகவே வரட்டும்.

அவருடைய போனை என்ன செய்வது?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இது தோன்றாது. உங்களுக்குத்தான் தோன்றும்.

இறந்தவரின் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் உபயோகம் இல்லை என்றதும் அந்த நம்பர் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறு யாருக்காவது போகும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஒருநாள் ராத்திரி மகனின் டி.பி-யைப் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறக்கும் அம்மா, அங்கே வேறு யாருடைய முகத்தையோ பார்க்க நேர்ந்தால்? அதனால் குறைந்தபட்ச ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். வங்கி ஓ.டி.பி-க்கும் அந்த நம்பர் தேவைப்படும். கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள், வீடியோக்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் சாட் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். 'இருக்கு, எப்ப வேணும்னாலும் கேக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கேட்கவைக்காதீர்கள். சிலருக்கு ஒரு வருடம் ஆகும். சிலர் கேட்கவே மாட்டார்கள்.

ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றினால் 'இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்' என்ற நோட்டிஃபிகேஷன் வராது. குடும்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவரை ரிமூவ் செய்யாதீர்கள். அவசரம் என்ன?

பழியை யார் மேலும் ஏற்றாதீர்கள்

ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்தைய மே மாதம், இலங்கையின் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஆயிரம் பேர்வரை வாடகை வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. தங்கள் நாட்டில் மதத் தீவிரவாதத்துக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். தாக்கியவர்களின் உடல்களை எந்தப் பள்ளிவாசலிலும் ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பு அறிவித்திருந்தது. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் அந்தக் கும்பலின் மறைவிடம் சிக்கியதற்கு, சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்த உள்ளூர் முஸ்லிம்கள்தான் காரணம். இதெல்லாம் ஃபார்வேர்ட் மெசேஜ்களில் வராது.

துக்க வீட்டில் யாராவது 'அவனுங்களை எல்லாம்...' என்று ஆரம்பிப்பார்கள். பறிகொடுத்தவருக்குக் கோபம் வருவது இயல்பு. அவரிடம் வாதாடாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், வேடிக்கை பார்க்க வந்தவர் ஆரம்பித்தால், 'மாமா, இப்ப வேணாமே' என்று நிறுத்துங்கள். உங்கள் தெருவில் இருக்கும் அந்தச் சமூகத்துக் குடும்பத்துக்கும் அந்த வாரம் கடைக்குப் போகப் பயமாக இருக்கும். அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டி, 'பால் வாங்கப் போறேன், உங்களுக்கும் வாங்கவா?' என்று கேட்கலாம். கொன்றவனின் பெயரையும் படத்தையும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். நியூசிலாந்து பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன், அவன் பெயரை எப்போதும் உச்சரிக்க மாட்டேன் என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார்.

மூன்றாவது மாதம், முதல் வருடம்

முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். பதினாறாம் நாளோ, நாற்பதாம் நாளோ முடிந்ததும் கார்கள் கிளம்பிவிடும். சமையலறையில் ஒரு தட்டு அதிகமாக எடுத்துவிட்டு மறுபடி வைக்கும் நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கும். டி.வி வேறு செய்திக்குப் போயிருக்கும். 'இன்னுமா அழுதுட்டு இருக்க?' என்ற குரலும் அப்போதுதான் கேட்க ஆரம்பிக்கும்.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவிலும் உட்டோயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டார்கள். பலர் டீன் ஏஜ் பிள்ளைகள். அந்த அரசு ஒரு வேலை செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய உள்ளாட்சி அமைப்பே ஒரு தொடர்பாளரை நியமித்து, குறைந்தது ஒரு வருடம் அவராகவே தேடிப்போய் விசாரிக்கச் சொன்னது. 'உதவி வேணும்னா வந்து கேளுங்க' என்று காத்திருக்கவில்லை. நம் ஊரில் அப்படி அரசு ஆள் வருவாரா என்று தெரியாது. நீங்கள் போகலாம். போன் காலண்டரில் இப்போதே ரிமைண்டர் போடுங்கள்: மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், அவருடைய பிறந்தநாள், கல்யாண நாள், வருட நினைவு நாள்.

பண்டிகைகளைத் தனியாகக் கவனியுங்கள். தீபாவளிப் பட்டாசு, கல்யாண ஊர்வல வெடி, வண்டி டயர் வெடிக்கும் சத்தம்... பிழைத்தவரின் உடம்பு மனசைக் கேட்காமலே தரையில் குனிந்துவிடும். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசுச் சத்தம் ஓய்ந்த ஒரே வாரத்தில் அந்த 21-ம் தேதி வந்துவிடுகிறது. பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே பேசி, அந்த வாசலில் மட்டும் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று ராத்திரி அவரை அமைதியான ஒரு இடத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். 'ஞாபகப்படுத்திடுவோமோ' என்று நாம் பயப்படுகிறோம். அவர்கள் மறந்தால்தானே ஞாபகப்படுத்த? 'கேன்டீன்ல அவன் எப்பவும் கடன் சொல்லிட்டு ஓடிடுவான் ஆன்ட்டி' என்று நீங்கள் சொல்லும் ஒரு சின்னக் கதை, அந்த அம்மாவுக்குத் தெரியாத மகனின் ஒரு துண்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முதல் சில வாரங்களில் தூக்கம் வராமல் இருப்பது, திடுக்கிட்டு எழுவது, காரணமில்லாத கோபம், வெறித்துப் பார்ப்பது எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆள் துணையிலும் காலத்திலும் மெல்லக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், கெட்ட கனவுகளும் அந்தக் காட்சி கண்முன் ஓடுவதும் தொடர்ந்தால், பஸ், கோயில், கடைத்தெரு என்று எங்குமே போக முடியாமல் இருந்தால், குடி அதிகமானால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'நானும் போயிருக்கலாம்' என்று சொன்னால் மட்டும் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும். 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமா' என்றால் தனியாக விடாதீர்கள்.

முதல் நாள் டாக்டரிடம் நீங்களும் கூடப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். தூக்கிச் சென்ற ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர், போஸ்ட்மார்ட்டம் அறை ஊழியர், சடலங்களை எடுத்த போலீஸ்காரர் ஆகியோருக்கும் இதே அறிகுறிகள் வரலாம். அவர்களை யாரும் 'பாதிக்கப்பட்டவர்' பட்டியலில் சேர்ப்பதே இல்லை. மூன்று மாதம் அந்தக் குடும்பத்துக்காக ஓடிய உங்களுக்கும் வரலாம்.

இந்தியாவில் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண் 1926-க்கு அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. இந்த நம்பர்களை அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.